நான்கு கோரா, எட்டு கோரா

மார்ச் 4, செவ்வாய்

வலது காது போய் ஒரு வருடமாகிறது. இடதும் குறைந்துகொண்டே வருகிறது என்று இன்று காது டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன். அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே.

மார்ச் 9, ஞாயிறு

ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் எங்கள் ஐவர் அணிக்கு நாத்தனார்தான் கேப்டன். "பின்னாடி ஆளு!" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அணியே காலி.

"அண்ணி, அடுத்த மாசம் போட்டியில நீங்க வெளிய உக்காந்துக்கறீங்களா? கோச்சுக்காதீங்க."

கோபமெல்லாம் இல்லை. ஆனால் உட்கார மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேச்சை எழுத்தாக்கும் நிரல் ஒன்று கிடைத்தது. யார் பேசினாலும் அவர் பெயரோடு திரையோரம் வரி வருகிறது. ஆனால் ஆட்டத்தோடு சேர்த்து ஓட்டினால் என் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது. "பின்னாடி ஆளு" என்பது நான் செத்து விழுந்த பிறகு "கண்ணாடி ஆளு" என்று வருகிறது! சிரிப்பதா, அடித்து உடைப்பதா?

மார்ச் 15, சனி

பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்கு என் கணவரோடு போனேன். என் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை மாற்ற வேண்டும்; அதில் பொருந்துவது இரண்டே இரண்டுதான். ஒன்று நான்கு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்ய நான்கு கை மாதிரி, நல்ல வேகம். மற்றது அதைவிடப் பழசு, எட்டு கோர், வேகம் கம்மி.

"கேம் ஆடத்தானே மேடம்? கண்ண மூடிட்டு நாலு கோர எடுங்க," என்றார் கடைக்காரர். இவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

"ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பித் தர்றேனே?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் கொடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

முதலில் நான்கு கோர். பிராசசருக்குத் தடவும் பசை என் மூக்கிலும் கொஞ்சம். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பாடா என்றிருந்தது. நிரலைத் திறந்தேன் — போச்சு. படம் திக்கியது, வரிகள் நொண்டின.

கழற்றிவிட்டு எட்டு கோரை மாட்டினேன். வெறும் ஆட்டம் என்றால் நான்கு கோரிடம் இது தோற்றுத்தான் போகிறது, கண்ணுக்கே தெரிகிறது. நிரலையும் சேர்த்தேன். துளியும் திக்கவில்லை! அடுத்த அறையிலிருந்து இவர் மைக்கில், "காபி வேணுமா?" என்றார். உடனே திரையில் வந்தது. "வேணும்!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான்கு கோரை நாளைக்கே திருப்பிவிட வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினேன். "அய்யோ அண்ணி, வேகமானத விட்டுட்டீங்களே" என்று பதில். நான் விடவில்லை: "எனக்கு வேண்டியது வேற. ஒரே ஒரு பயிற்சி ஆட்டம் கொடு. அப்புறம் நீயே முடிவு பண்ணு."

மார்ச் 23, ஞாயிறு

தோற்றோம். ஆனால் என்னால் இல்லை. பின்னால் வந்தவனை இரண்டு முறை திரும்பிச் சுட்டேன்.

மாலையில் நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். "நாங்க நாலு பேரும் ஒண்ணா கத்தறப்ப யாரு என்ன சொல்றாங்கன்னே புரியல அண்ணி. உங்களுக்கு மட்டுந்தான் எல்லாம் வரிசையா வருது, இல்ல?"

"ஆமா. எழுத்துப்பிழையோட."

அவள் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போட்டி முடிந்தது. அரையிறுதி வரை போனோம். திரையோர வரிகளைப் பார்த்துப் பார்த்து, நாத்தனார் உட்பட நாலு பேருக்கும் கட்டளை போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.