படி இறங்கினால் கூப்பிட வேண்டும்

மச்சான்,

நீங்கள் குளித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன். கறிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று நேரு வீதிக் கடையில் அந்தப் பச்சைப் புடவையைத் திருப்பி வைத்துவிட்டு நான் படி இறங்கியது, வேண்டாம் என்பதற்காக இல்லை. நாலு அடி நடந்தால் கடைக்காரர், "வாங்கம்மா, உங்களுக்காகக் குறைச்சுத் தரேன்" என்று கூப்பிடுவார். எங்கள் அத்தாவின் ஜவுளிக்கடையில் சின்ன வயசிலிருந்து தினம் பார்த்த கூத்து. இவரும் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் நீங்கள், "பாவம், ஆசைப்பட்டா" என்று சொல்லி, அவர் கேட்ட விலைக்கே வாங்கி, பையோடு என் பின்னால் ஓடி வந்தீர்கள். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்புறம் ஓட்டலில், "இன்னும் ரெண்டு பரோட்டா வைக்கவா சார்?" என்ற சர்வரிடம் "வேணாங்க" என்றீர்கள். நம் வீட்டு விருந்தில் மாதிரி மூன்று தரம் கெஞ்சுவான் என்று நினைப்பு. அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வந்து ரஸ்க் தின்றீர்கள். உங்கள் 'வேணாம்' மட்டும் ஊருக்கே புரிய வேண்டும்.

அதைச் சொல்லிச் சிரித்ததற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். காலையில் நான், "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றால், "சரி, ஆட்டோ சொல்லவா?" என்கிறீர்கள்.

ஆட்டோ வேண்டாம். கோட்டக்குப்பத்துக்கு பஸ்ஸிலேயே போகிறேன்.

கனீஸ்

பி.கு.: மாற்றுப் புடவை எடுக்கவில்லை. கட்டியிருப்பது அந்தப் பச்சைதான்.

இன்னொன்று: மெதுவாகத்தான் நடக்கிறேன். போன் கையில் இருக்கிறது. ஓடியெல்லாம் வர வேண்டாம், ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.