சிலேட்டைப் பிடித்த கை

நெய்வேலி

அன்புள்ள இனியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். மாரியம்மாள் அத்தைக்கு மூட்டுவலி குறையவில்லை. எனக்கு ஸ்கூல் ஆபீஸில் இந்த வருஷமும் காண்ட்ராக்ட்தான், பர்மனென்ட் பேச்சை நானும் எடுப்பதில்லை. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு கிருஷ்ணப்ரியா வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கண்காட்சிக்கு நீ எழுதிய வாசகத்தை அப்பா டீக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டார். சுரங்கத்துக்குப் போன எங்கள் ஊரை என் அப்பாவின் லென்ஸ் காப்பாற்றி வைத்தது, அதே லென்ஸில்தான் இன்று நான் படம் எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே மாட்ட நம் பழைய வீட்டுப் படம் கேட்டாய், அப்பாவும் பெட்டியைக் குடைந்து ஒன்றை அனுப்பினார். ஓட்டு வீடு, வாசலில் நாலு பேர், இடுப்பில் ஒரு குழந்தை, அது நீ என்று சொல்லியிருக்கிறார். இனியா, அது நம் வீடு இல்லை. பன்னீர்செல்வம் வீடு. குழந்தை அவர் மகன் குமரவேல்.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது, நஷ்டஈட்டுக் கணக்குக்காக, இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தக் காண்ட்ராக்ட் சிவசங்கருக்கு, அவருக்காகப் போட்டோ எடுத்தது உன் அப்பா. வீட்டு நம்பரைச் சிலேட்டில் எழுதிப் பக்கத்தில் பிடிப்பது என் வேலை, காலேஜ் முடித்த பெண், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். பட்டா உள்ள வீட்டுக்கு மட்டும்தான் படம். கடைசி நாள் நம் தெரு வழியாக வரும்போது ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. எனக்கு எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் இல்லை, அன்றைக்குக் கேட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு நம் கூரை வீட்டு வாசலில் போய் நின்றேன். நமக்குத்தான் நம்பர் கிடையாதே, சிலேட்டில் உன் பெயரை எழுதிப் பிடித்தேன். அப்பா கேமராவைத் தூக்கவே இல்லை. “பட்டா இல்லாத வூட்ட எடுத்தா சிவசங்கர் ரோல எண்ணிப் பாத்து கேப்பாரு. என்னாத்துக்கு புள்ளய வச்சிகினு வெயில்ல நின்னுகினு இருக்க, வா” என்று நடந்துவிட்டார். அந்தக் கடைசிப் படம் பன்னீர்செல்வம் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனது.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது அடாப்டர் வளையத்தைத் திருகி அந்த லென்ஸை உன் புதுக் கேமராவில் மாட்டினாய். லென்ஸ் இல்லை என்று திரையில் வந்தது, படம் எடுக்க மறுத்தது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறதே என்று அப்பா சிரித்தார். பழைய லென்ஸை இதற்கு அடையாளம் தெரியாது என்று நீ ஏதோ செட்டிங்கை மாற்றினாய், உடனே எடுத்தது. அன்றைக்கு வாசலில் நின்ற நம் இரண்டு பேர் ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. நான் எழுந்து அடுப்படிக்குப் போனது அதனால்தான், பால் பொங்குகிறது என்று சொன்னது பொய்.

ஏன் இப்படி அனுப்பினீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். “புள்ள ஆசையா கேக்கறான், இல்லன்னு எப்பிடி சொல்றது” என்றார். நான் கேட்டபோது மட்டும் இல்லை என்று சொன்னீர்களே என்று வாய் வரை வந்தது.

அந்தப் படத்தைக் கழற்றிவிடு, வாசகத்தையும் மாற்று. அப்பா வருத்தப்படுவார், படட்டும். பன்னீர்செல்வம் குடும்பத்துக்குப் பணமும் வந்தது, மைன்ஸில் வேலையும் வந்தது. அவர்கள் வீட்டை நம்முடையது என்று காட்டி நமக்கு ஒரு பெருமை வேண்டாம்.

லென்ஸை ஈரமில்லாத இடத்தில் வை, பூஞ்சை பிடித்தால் போகாது. வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, உன் உழைப்பு உனக்குப் பலிக்கட்டும். ஏதாவது மாட்டியே ஆக வேண்டும் என்றால், படத்தின் இடது ஓரத்தில் பார், சிலேட்டைப் பிடித்த கை ஒன்று மணிக்கட்டு வரைக்கும் தெரியும். அந்தப் படத்தில் நம் வீட்டு ஆள் அது ஒன்றுதான். அதை மட்டும் வெட்டி மாட்டு.

உன் அம்மா,
செவ்வந்தி