செவ்வாய், வெள்ளி கொட்டாத குப்பை

அக். 7, செவ்வாய்

காலையில் மேகம். மழை இல்லை. நாளை ஆயுத பூஜை. காலண்டர் அச்சாபீஸ் முழுவதும் கழுவல், துடைப்பு. பீரோவுக்குப் பின்னால் என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு கிடைத்தது. உள்ளே கண்ணாடி இல்லை.

வாங்க வேண்டியவை: சந்தனம், பொரி, கம்ப்யூட்டருக்குப் புது மவுஸ், வீட்டுக்குத் தைலம்.

தங்கமாரி கம்ப்யூட்டரைப் பஞ்சு வைத்துத் துடைத்தாள். வருகிற மெயில்களைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. எந்தக் கடைக்கு எந்தச் சாமி படம், கடைப் பெயர், போன் நம்பர், இந்த வருடக் காலண்டர் சீசன் முழுவதும் ‘ஆர்டர்’ என்ற ஒரே ஃபோல்டரில். திரையிலுள்ள குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னேன்.

"இன்னைக்குச் செவ்வா சார். செவ்வா, வெள்ளி குப்பைய வெளிய கொட்ட மாட்டோம். லச்சுமி போயிரும்."

"அது கம்ப்யூட்டர் குப்பைம்மா."

"எந்தக் குப்பைனு லச்சுமி வந்து பாக்கவா போகுது?"

நாளைக்காவது கொட்டு என்றேன். பூஜை அன்றைக்கும் ஆகாதாம். கணக்குப் பார்த்தால் வாரத்தில் பாதி நாள் இந்தத் தேசம் குப்பையோடு இருக்கத்தான் வேண்டும். விவாதத்தைக் கைவிட்டேன்.

அக். 8, புதன்

வெயில். பூஜை. பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று முதலாளி காலையிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

பூஜை நேரத்தில் கம்பெனியில் எந்த மெஷினும் ஓடக்கூடாது. மெயின் சுவிட்சை முதலாளி தன் கையாலேயே இறக்குவது வழக்கம். தங்கமாரி மெயில் புரோகிராமை மூடும்போது, பழைய மெயில்களை அமுக்கி இடம் மிச்சம் பிடிக்கட்டுமா என்று அது கேட்டது. ‘சரி’ என்பதைத் தட்டினாள். எப்போதும் செய்வதுதான். திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் நகர்ந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம், இது ஓடிக்கிட்டிருக்கு."

"சாமிக்கு முன்னால என்னத்தப் பிள்ள ஓட்டுற?" மெயின் இறங்கியது.

யு.பி.எஸ். மட்டும் பேட்டரியில் கீச்கீச் என்றது. மணிச் சத்தத்தோடு சேராத சுருதி. "ஏலே கருப்பா, அந்தக் கத்துறத நிப்பாட்டுலே." போர்மேன் கருப்பசாமி அதையும் அணைத்தான். திரை இருண்டது. சூடம் ஏற்றியாயிற்று.

மானிட்டருக்கு மூன்று பட்டை, நடுவில் குங்குமம், மாலை. என்னைவிடப் பக்தியான முகம். நாளை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. பொரி நமுத்திருந்தது.

அக். 9, வியாழன்

மறுபூஜை. மாலையைக் கழற்றிக் கம்ப்யூட்டரைப் போட்டோம். ‘ஆர்டர்’ ஃபோல்டர் பெயரோடு இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கூடு ஞாபகம் வந்தது.

நகல் இருக்கிறதா என்று முதலாளி கேட்டார். நகல் எடுக்க சி.டி. வேண்டும் என்று ஆடியிலிருந்து கேட்டுவருகிறோம். சொல்லவில்லை. கேட்கும் முகமாக அவர் முகம் இல்லை.

"கடைசியா யாரு தொட்டது?"

தங்கமாரி தலை குனிந்துகொண்டாள். மெயின் சுவிட்சைக் கடைசியாகத் தொட்டது யார் என்ற கேள்வி எழவில்லை. எழப் பார்த்திருந்தாலும் உட்கார வைத்திருப்போம், நான் உட்பட.

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள மெயில் வரணும். இல்லாட்டி கணக்க முடிச்சுட்டு, ஆத்தா வேல பாக்குற பட்டாசுக் கம்பெனிக்கே போகச் சொல்லுங்க, சார்." அவள் எதிரில் நிற்கும்போதே என்னிடம் சொன்னார்.

அவள் வீட்டில் பட்டாசு வேலைக்குப் போகாத முதல் ஆள் அவள்தான். அக்காவின் முழங்கை வரை தீக்காயத் தழும்பு. டைப்பிங் பாஸான வருடம் அம்மாவும் மகளும் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்தே போய்வந்தார்கள். எனக்கும் திருநீறு கொண்டுவந்தாள்.

தைலம் வாங்க மறந்தேன்.

அக். 10, வெள்ளி

புழுக்கம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் கடைகளுக்குப் போன். இழந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. "எழுத்துப் பிழை வந்துரக் கூடாதுல்ல, ஒருதரம் சொல்லிருங்க" என்று விசாரிப்பு.

காரியாபட்டி அரிசிக்கடை: "போன மாசமே அனுப்புனேனே. சரி, கேட்டதுதான் கேட்டீக, முருகன எடுத்துட்டு லட்சுமி போட்டுருங்க. தம்பி பேரை எடுத்துருங்க. பாகம் பிரிச்சாச்சு."

இன்னொருவர், போன வருடம் கிருஷ்ணர் முகம் ஏன் வெளிறியிருந்தது என்று கேட்டார். இந்த வேகத்தில் போனால் காலண்டர் சித்திரைக்கு வரும்.

மூன்று மணிக்கு விருதுநகரிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர். குங்குமத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சாயந்திரம்வரை தட்டினார்.

"போனது போனதுதான் சார். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுருவோம். நாளைக்குச் சி.டி. கொண்டாறேன். டிஸ்க்ல இடமே இல்ல, குப்பை வேற அம்புட்டு." குப்பைத்தொட்டியின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோனார்.

டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்த தங்கமாரி திரும்பினாள். "அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கெழம. கொட்டாதீக."

"வேல போகப் போகுதுங்காக, நீ குப்பைக்கு அழுவுற?"

"என் வேலதான் போகுது. கம்பெனி லச்சுமி எதுக்குப் போகணும்?"

அவர் கையை எடுத்துவிட்டார். அவருக்கும் வீடு, வெள்ளிக்கிழமை எல்லாம் உண்டு போலும். "நாளைக்கே சேத்து அழிச்சுக்கிறேன்."

ஆறு மணிக்குத் தங்கமாரி கம்ப்யூட்டர் மேஜைச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "வாறேன் சார்" என்றாள். நானும் வழக்கம்போல, சரிம்மா என்றேன். இவ்வளவு புத்தகம் படித்ததற்கு இந்த ஒரு வாக்கியம்.

அக். 11, சனி

சர்வீஸ்காரர் சி.டி.யோடு வருவதற்குள் ஒருமுறை பார்க்கலாம் என்று சீக்கிரம் வந்தேன். பார்க்க வேறு இடம் இல்லாததால் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். பழைய டிசைன்கள், யாரோ இறக்கிய நடிகை படம், நடுவே ‘ஆர்டர்’ என்ற பெயரில் ஒரு பெரிய ஃபைல். பெயரின் வாலில், புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள் மட்டும் வேறு. தேதி புதன், பதினொன்று ஐம்பது. அமுக்க ஆரம்பிக்கும்போது புரோகிராமே ஒரு நகலை அங்கே போட்டுவைக்கும் போல. யாரிடமும் சொல்லாமல். எங்கள் ஊர்க்காரர்கள் எழுதிய புரோகிராமாக இருக்கும்.

வெளியே எடுத்தேன். வாலை மாற்றினேன். பழைய இடத்தில் வைத்துத் திறந்தேன்.

வந்தது. எல்லாம். அரிசிக்கடை முருகன், பிரியாத தம்பி.

சர்வீஸ்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றேன்.

முதலாளி வந்து பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார். "நான் பூசை போட்ட மெஷின் சார். எங்கன போகும்?"

"அந்தப் பொண்ணு கொட்ட விடாம வச்ச குப்பையில இருந்துச்சு, அண்ணாச்சி."

மானிட்டர் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். "சரி, வரச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டு நம்பரில் அவள் அம்மா கிடைத்தார். "விடியவே போயிட்டா சார். கம்பி மத்தாப்பு பாக்கெட் போட. தீவாளி லோடு நிக்குது, நாளைக்கும் வேல இருக்குனு சொல்லியிருக்காக."

"இனி போக வேண்டாம்மா. இங்க வரச் சொல்லுங்க."

"நெசமாவா சொல்றீக?"

நிஜமாகத்தான் என்றேன். நாளை ஞாயிறு. அங்கே வேலை உண்டு, இங்கே லீவு. ஒருநாள் கூலியை விடுவாளா தெரியவில்லை.

அக். 12, ஞாயிறு

பகல் முழுக்க வெடிச்சத்தத்துக்குக் காது கொடுத்தபடி. சோதனைக்கு வெடிக்கிறார்களா, வேறேதுமா என்று இந்த ஊரில் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. தைலம் வாங்கினேன்.

அக். 13, திங்கள்

முதல் மழை. ஒழுகும் இடத்தில் வாளி. கருப்பசாமி லீவு.

ஒன்பது மணிக்குத் தங்கமாரி. மெயிலைத் திறந்தாள், பிரித்துப் போட ஆரம்பித்தாள். முதலாளி கடந்து போகும்போது, "என்ன பிள்ள, சாப்ட்டியா?" என்றார். அவரளவில் அது ஒரு மன்னிப்புக் கடிதம்.

"சார், இன்னைக்குத் திங்க. குப்பையக் கொட்டிரட்டா?"

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

சாயந்திரம் அவள் போனபிறகு பார்த்தேன். கீபோர்டில் அவள் விரல் அதிகம் படும் எழுத்துகளின் மேல் மத்தாப்பு மருந்தின் வெள்ளிப்பொடி. துடைக்கப் பஞ்சை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன்.