டேரிலுக்கு நான் போட்ட பதினாறு ஆஜர்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
9 ஜூலை 2025, புதன்

அன்புள்ள மித்ரா,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் ராம்கியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு மூச்சு போன மாதத்தைவிடப் பரவாயில்லை, மாடிப்படி ஏறினால்தான் இழுக்கிறது, மருந்துப் புகை பிடிக்கும் மிஷினைக் காலையில் ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்கிறார், சாயந்திரம் வைக்கச் சொன்னால் கோபம் வருகிறது. நம் தெருவைக் குழாய் போடுவதற்காக மூன்றாவது தடவை தோண்டியிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை, முனையில் இறங்கி நடந்துதான் வரவேண்டும். காக்ஸ் டவுன் அன்னம்மாள் அக்காவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போயிருந்தேன். நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது, அளவு சரியாக இருக்கிறது.

போன மாதம் 22ஆம் தேதி போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். தங்கவயல்காரர்களின் இணைய மன்றம் இருக்கிற பழைய சர்வரை ஜூலை 31ஆம் தேதி நிறுத்திவிடுவார்கள், பதினெட்டு வருடத்துப் பதிவுகளையும் புது இடத்துக்கு மாற்ற எனக்கு இரண்டு மூன்று வாரச் சாயந்திரங்கள் ஆகும், அதனால் கேட்கிறேன், மாதாமாதம் இருபது பேராவது நிஜமாகவே வருகிறார்களா அம்மா என்றாய். ஜூன் மாதம் இருபத்து மூன்று பேர் ஆஜர் என்று சொன்னேன். அது பொய். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். மீதி பதினொரு பேருக்கு ஆஜர் எழுதியது நான். போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் வேறு எதற்காவது தாவிவிடுவேன், அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நீ கல்லூரிக் கடைசி வருடத்தில் அந்த மன்றத்தை அமைத்துக் கொடுத்தது 2007இல். நடத்தியது அன்னம்மாள் அக்காவின் கணவர் ஓஸ்வால்ட். அவர் சுரங்கத்தில் டைம் ஆபீஸில் இருந்தவர், யார் கீழே இறங்கினார்கள், யார் மேலே வந்தார்கள் என்று டோக்கனைப் பார்த்துக் கணக்கு வைப்பதுதான் இருபத்தாறு வருடம் அவர் பார்த்த வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஆளாளுக்குத் தன் பழைய டோக்கன் நம்பரையோ தன் தகப்பனாரின் நம்பரையோ எழுதி, உடம்பு பற்றி ஒரு வரி சேர்த்து, ஆஜர் என்று போடவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். டைப் பண்ணத் தெரியாதவர்கள் அவருக்குப் போன் செய்து நம்பரைச் சொல்வார்கள், அவர்கள் பெயரில் அவர் எழுதுவார். அதற்காக எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரு நீலநிற நோட்டில் இருந்தது. அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. 2011இல் ஒரு சனிக்கிழமை நூற்று நாற்பது பேர் ஆஜர் இருந்ததை நானே எண்ணியிருக்கிறேன். பிறகு வாட்ஸ்அப் வந்தது. தங்கவயல்காரர்களுக்கு என்று எனக்குத் தெரிந்து ஒன்பது குரூப் இருக்கிறது. காலையில் ரோஜாப்பூ, மதியம் யாரோ அனுப்பிய வைத்தியம், சாயந்திரம் சண்டை. சர்வீஸ் சர்டிபிகேட் தொலைந்துவிட்டது, என்ன செய்வது என்ற ஒரே கேள்வியைப் போன வருடம் அவற்றில் ஒரு குரூப்பில் மட்டும் பத்தொன்பது தடவை கேட்டிருக்கிறார்கள், பத்தொன்பது தடவையும் அரைகுறைப் பதில். முழுப் பதில் மன்றத்தில் 2012லிருந்து இருக்கிறது, எந்த விண்ணப்பம், எந்த ஜன்னல், எந்த நாளில் ஆள் இருப்பார் என்பது வரைக்கும். தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் எந்தக் காகிதங்களைச் சேர்த்து வைக்கவேண்டும் என்பதும் இருக்கிறது, அப்பாவின் காகிதங்களை நான் அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். முப்பத்தெட்டு வருடம் நிருபராக நான் பேப்பரில் எழுதியதெல்லாம் மறுநாளே எடைக்குப் போய்விட்டது. தேடினால் கிடைக்கிற மாதிரி இருக்கிறது இந்த மன்றம் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ள நினைத்தேன்.

2024 ஜனவரியில் ஓஸ்வால்ட் இறந்தார். அடக்கத்துக்கு மறுவாரம் அன்னம்மாள் அக்கா அந்த நோட்டை என் கையில் கொடுத்து, "இன்னிமேட்டு நீயே பாத்துக்கோ தமயந்தி, எனக்கு அந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாலே அவரு முதுகுதான் தெரியுது" என்றார். அந்த வாரம்தான் நீயும் சொன்னாய், மாதம் இருபது பேராவது வந்தால் தொடர்ந்து நடத்தலாம், இல்லையென்றால் வீண் வேலை என்று. நியாயமான பேச்சு, உன்மேல் குறை சொல்லவில்லை. பிப்ரவரியில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மார்ச் 2ஆம் தேதி பத்தொன்பது. இருபதுக்கு ஒருவர் குறைவு. டேரில் போன் செய்யவில்லை, வழக்கமாகக் காலை பத்து மணிக்குள் செய்துவிடுவார். ஓசூரில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தவர், ஸ்மார்ட்போன் கிடையாது. மறந்திருப்பார், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நோட்டைப் பார்த்து அவர் பெயரில் நுழைந்து ஆஜர் எழுதினேன். முட்டி வலி, மற்றபடி சுகம் என்று ஒரு வரியும் சேர்த்தேன், ஏனென்றால் அவருடைய வரி எப்போதும் அப்படித்தான் இருக்கும். மறுநாள் போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். அதோடு விட்டுவிட்டேன். ஏப்ரலில் பதினேழு பேர்தான் வந்தார்கள், மூன்று பெயர் எழுதினேன். சரியாக இருபதில் நின்றால் உனக்குச் சந்தேகம் வரும் என்று சில மாதம் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வைத்தேன். ஒருவருக்கு மழை, ஒருவருக்குப் பேரனின் பரீட்சை, ஒருவருக்குச் சளி என்று வரிகளையும் நானே எழுதினேன். ஒரு மந்திரி சொல்லாத சொல்லை நான் ஒருநாளும் மேற்கோளில் போட்டதில்லை. இது எளிதாக வந்தது.

அப்பாவுக்குப் போன தீபாவளி சமயத்தில் தெரிந்துவிட்டது, பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "இன்னா, ஊருக்கே நீதான் பேரு குடுக்கிறியா? எனக்கும் ஒண்ணு சேர்த்துப் போடு, வேலைக்குப் போவாமலே சம்பளம் வரட்டும்" என்று முதலில் சிரித்தார். பிறகு மிஷினை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், கூண்டில் இறங்காதவன் டோக்கனை யாராவது விளையாட்டுக்கு, உள்ளே இறங்கினவர்களுக்கான ஆணியில் மாட்டிவிட்டால் ஷிப்ட் முடிந்தும் அது அங்கேயே இருக்கும், அவன் கீழே மாட்டிக்கொண்டான் என்று நாலு பேர் தேடிக்கொண்டு இறங்குவார்கள், "தேடப் போனவனுக்கு எதுனா ஆச்சுன்னா அந்தப் பாவம் ஆணியில மாட்டினவனுக்குத்தான்". இது டைப் பண்ணுகிற விஷயம், சுரங்கம் இல்லை என்று நான் சொன்னேன். அவர் மிஷினைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

டேரிலுக்கு டெஸ்மண்ட் என்று ஓர் அண்ணன், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறார், வயது எழுபத்தொன்று. 2013இல் அவர்கள் அம்மா இறந்தபோது டெஸ்மண்ட் விமானத்தில் வந்துகொண்டிருந்தார், உடம்பு தாங்காது என்று டேரில் காத்திருக்காமல் அடக்கம் செய்துவிட்டார். அதிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் டெஸ்மண்டும் மன்றத்தில் உறுப்பினர், மாதாமாதம் ஆஜர் போடுவார், தம்பி ஆஜரா என்று பார்த்துக்கொள்வார், அதுவே போதும் என்று இருந்திருக்கிறார். இதை அவரே பிறகு சொன்னார். இந்த வருடம் பிப்ரவரி 1ஆம் தேதி டேரில் பெயரில் வழக்கம்போல் முட்டி வலி என்று எழுதினேன். அதன் கீழே டெஸ்மண்ட் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக எழுதினார், தம்பி, சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், ஐஸ் வை என்று. இரண்டு நாள் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டால் அவர் மனசு கசக்கும் என்று நினைத்தேனா, ஆள் வராததைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேனா, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிப்ரவரி 3, திங்கள் சாயந்திரம் டேரில் பெயரில் நுழைந்து, சரிண்ணா என்று ஒரு சொல் எழுதினேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் டிக்கெட் எடுத்துவிட்டார். ஜூன் 8ஆம் தேதி எனக்குத் தனிச்செய்தி வந்தது, 17ஆம் தேதி கிளம்புகிறேன், தம்பிக்குச் சொல்லவேண்டாம், நேரில் போய் நிற்கப்போகிறேன், விலாசம் மட்டும் வேண்டும் என்று. அன்றுதான் நான் செய்திருக்கவேண்டிய வேலையைத் தொடங்கினேன். ஓசூருக்கு இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன், பழைய குரூப்புகளில் டேரில் என்று தேடினேன். 10ஆம் தேதி கிடைத்தது. 2024 மார்ச் 9, சனிக்கிழமை, காலை 7.12. ஓசூரில் டேரில் காலமானார், அடக்கம் மாலை நான்கு மணி. அதற்கு மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே முப்பத்தொரு கைகூப்பல், அதற்கும் கீழே யாரோ விற்கிற ஸ்கூட்டர். அந்தக் குரூப்பை நான் சத்தம் வராமல் அடைத்து வைத்திருந்தேன், டெஸ்மண்ட் எந்தக் குரூப்பிலும் இல்லை. ஆக முதல் ஆஜர் போட்ட அன்று டேரில் உயிரோடு இருந்தார், மற்ற பதினைந்தும் அவர் இறந்த பிறகு போட்டவை. 10ஆம் தேதியிலிருந்து 17ஆம் தேதி வரை ஏழு நாள் இருந்தது. டெஸ்மண்டுக்கு நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அப்பா கேட்டார். சமைத்தேன், பேப்பர் படித்தேன், அன்னம்மாள் அக்காவின் கண்ணுக்கு மருந்து வாங்கி வந்தேன்.

18ஆம் தேதி அவர் வந்துவிட்டார். காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்கிறார், அன்னம்மாள் அக்கா விவரம் தெரியாமல், "டேரிலா? அவருக்குத் தமயந்திதான் மாசாமாசம் பேரு போடுறா, அவகிட்ட கேளுங்க" என்று நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தெருமுனையில் இறங்கி, தோண்டிய மண்ணில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். தம்பிக்கு என்று முட்டியில் மாட்டுகிற பட்டை இரண்டு வாங்கி வந்திருந்தார், அளவு தெரியாததால் இரண்டு. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தேதி வாரியாக எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அந்த சரிண்ணா?" என்றார். அதுவும் நான்தான் என்றேன். அவர், "அம்மாவுக்கும் லேட்டு, இவனுக்கும் லேட்டு" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் அப்பாதான் அவரை ஓசூர் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனார், மூச்சு இழுக்கும் என்று தடுத்தேன், "நீ சும்மா இரு, நான் தேடி எறங்கினவன்தான்" என்று போய்விட்டார். சிலுவையில் பெயர்கூட எழுதவில்லையாம், நம்பர்தான் இருந்ததாம். 21ஆம் தேதி ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் டெஸ்மண்ட் திரும்பவும் வந்தார். நான் எழுதியதை எல்லாம் திருத்தப்போகிறேன் என்று சொன்னேன். "மத்ததை எடுங்க வைங்க, உங்க இஷ்டம். அந்த ஒரு வார்த்தைல மட்டும் கை வைக்காதீங்கம்மா. எழுதினது யாராயிருந்தா என்ன, நாலு மாசம் அதை நான்தானே படிச்சேன்" என்றார். கை கொடுக்கவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள்தான் நீ போன் செய்தாய், உன்னிடம் இருபத்து மூன்று என்று சொன்னேன். இவ்வளவுக்குப் பிறகும் சொன்னேன்.

அதன் பிறகு டேரில் தவிர மற்ற பத்துப் பேரின் வீடுகளுக்கும் போன் செய்தேன். டேரிலையும் சேர்த்து நான்கு பேர் இறந்திருக்கிறார்கள். இரண்டு பேர் படுக்கையில். ஐந்து பேர் நன்றாக இருக்கிறார்கள், வருவதில்லை, அவ்வளவுதான். அவர்களில் ஒருவனான நீலசந்திரா லாயிட், "அக்கா, நான் ஆஜர்னு எனக்கே தெரியாதே! என்ன எழுதினீங்க, சளியா? போன வருஷம் நிஜமாவே சளிதான் அக்கா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே இருந்தான். திரும்ப வருவாயா என்று கேட்டேன். "அங்க யாரு கீறாங்க பேச" என்றான். டேரிலின் பதினாறையும் சேர்த்து நான் எழுதிய ஆஜர் வரிகள் மொத்தம் நூற்று மூன்று. ஒவ்வொன்றின் கீழும் திருத்தம் போட்டேன், இதை எழுதியவர் இவர் அல்ல, தமயந்தி என்று. அதற்கு நான்கு நாள் பிடித்தது. ஜூலை 5, சனிக்கிழமை ஆஜர் ஒன்பது பேர். பன்னிரண்டில் மூன்று பேர் என்மேல் வருத்தப்பட்டு வரவில்லை, அதில் ஒருவர் அன்னம்மாள் அக்கா. டெஸ்மண்ட் வந்திருந்தார், நம்பர் மட்டும் எழுதியிருந்தார்.

ஆகவே இருபது என்ற உன் கணக்குக்கு ஒன்பதுதான் இருக்கிறது. எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது உன் பக்கத்தில்தான் தெரியும், எனக்குத் தெரியாது, அதைப் பார்த்துவிட்டுத் தீர்மானித்தால் நல்லது, ஆனால் மாற்றிக் கொடு என்று கேட்கிற வாய் எனக்கு இப்போது இல்லை. ஒன்று மட்டும் உன்னிடம் விடுகிறேன். சரிண்ணா என்ற அந்த வரியின் கீழே திருத்தம் போடவில்லை. போடவேண்டியதுதான், அது பொய், பேப்பரில் இருந்தால் போட்டே தீருவேன். இரண்டு தடவை திறந்து எழுதி, எழுதியதை அழித்துவிட்டேன். மன்றத்தை மூடினால் 31ஆம் தேதியோடு அதுவும் போகும். மாற்றினால், போகிற வழியில் அந்த வரியை நீதான் எடுத்து வைக்கவேண்டும். திருத்தத்தோடா, அப்படியேவா என்பதை நீயே பார்த்துச் செய். என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்லவேண்டாம். டெஸ்மண்டுக்குச் சொல், அவர் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

போதிநாதன் புத்தர் அருளால் உனக்கும் ராம்கிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும். உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. அப்பா உன் குரலைக் கேட்கவேண்டும் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவரிடம் மூச்சைப் பற்றிக் கேட்காதே, கிரிக்கெட்டைப் பற்றிக் கேள். 31ஆம் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தமயந்தி