எங்கள் சந்துக் குழாய்க்குக் கிடைத்த நற்சான்று

ஐப்பசி 4, செவ்வாய்

விடியும்வரை மழை. சந்து முழுக்கச் சேறு.

எங்கள் சந்துக் குழாயில் வருவது குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று தண்ணீர் ஆபீஸ் எழுதிவிட்டது. அநியாயம். சாக்கடைக்குள் புதைந்து கிடக்கிற குழாய். மழை பெய்தால் செம்மண் நிறம், வெயில் அடித்தால் வாடை. மனு மேல் மனு போட்டேன். போன மாதம் ஒருவழியாக ஆள் வந்து புட்டியில் பிடித்துப் போனான். பட்டணத்தில் சோதித்தார்களாம். இன்று பதில்: மாதிரி சுத்தமானது, குழாய் மாற்ற அவசியமில்லை.

எதிர்வீட்டு ரஹீம் பாய், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், கேட்டார்: "என்ன அண்ணே, நம்ம சாக்கடை பாஸாயிருச்சாமே?" சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மகள் மைமூன் தலைப்பிரசவத்துக்கு வந்தவள். வந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. குழாய் மாறாவிட்டால் அவள் தேற மாட்டாள் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இதே குழாய் வந்த நாள் நினைவு. பித்தளைத் தலைக்கு மஞ்சள், குங்குமம். பாயின் அத்தா சந்து முழுக்கச் சீனி கொடுத்தார். முதல் குடம் என் வீட்டுக்காரி பிடித்தாள். குடிக்காமல் முகத்தைக் கழுவினாள். "ஆறே வீட்டுக்கு வந்துருச்சு" என்றாள். அன்றைய தண்ணீரில் ஆற்று மணல் வாசம் இருந்தது.

கண்ணாடிக் கால் ஒடிந்தது. நூல் போட்டுக் கட்டினேன்.

ஐப்பசி 5, புதன்

மூட்டம். தண்ணீர் ஆபீஸுக்குத் தல்லாகுளம் வரை நடை. வண்டிக்காரன் கூப்பிட்டான், ஏறவில்லை.

ஆபீஸ் குமாஸ்தா சின்ன வயது, நல்ல சட்டை. "பெரியவரே, இந்தத் தடவை வந்ததுலயே உங்க சந்துத் தண்ணிதான் முதல். மத்தவுக உங்களைப் பாத்துப் பொறாமைப்படணும்."

"அப்பிடின்னா ஒரு செம்பு கொண்டாரேன், குடிக்கிறீகளா?"

"நான் காப்பி குடிச்சுட்டேன்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். யுத்த சமயம், இரும்பு கிடையாது, தண்ணீர் கெட்டுப்போனதாக அத்தாட்சி, ருசு இருந்தால்தான் புதுக் குழாய் என்றார். ருசு என் செம்பில் இருக்கிறது என்றேன். செம்பு செல்லாதாம், முத்திரை வைத்த புட்டிதான் செல்லுமாம். நான் பள்ளிக்கூடம் போகாதவன், பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டியவன். ஆனாலும் பொய்யை வாசித்தால் தெரியும். எவனோ வேறு தண்ணீரை ஊற்றியிருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

திரும்பும்போது வைகைப் பாலத்தில் நின்றேன். குழாய் வருமுன் அந்த மணலில்தான் ஊற்றுத் தோண்டுவோம். முதல் தண்ணீர் கலங்கல், இறைத்துக் கொட்டுவோம். ஊறி வருகிற தெளிவைச் சிரட்டையால் அவள் மொள்ளுவாள். குடம் நிறைய வெகுநேரம் ஆகும். அதற்குள் பேசித் தீர்ப்போம். குழாய் வந்தபின் அம்புட்டுப் பேச்சுக்கு நேரம் இருந்ததில்லை.

ஐப்பசி 6, வியாழன்

வெயில். வடாம் காய்ந்தது.

காலையிலிருந்து வீடு வீடாக விசாரணை: புட்டிக்காரன் வந்த அன்று யார் பார்த்தது? நான் அன்று அவனியாபுரத்தில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் என் அடுப்படியிலிருந்தே பதில். மருமகள் பேச்சியம்மாள்.

"நம்ம வீட்டுக்குத்தான் மாமா வந்தாரு. உச்சி வெயிலு, குழாயில சொட்டுக்கூட இல்ல. வீட்டுல பிடிச்ச தண்ணி இருக்கான்னு கேட்டாரு. குடுத்தேன்."

"எதுல இருந்து?"

"நல்ல தண்ணிப் பானைல இருந்துதான். வடிகட்டிக் கொதிக்க வச்சு, தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வச்சது. நீங்கதானே அப்பிடிச் செய்யச் சொன்னீக."

"அவன் ஒண்ணும் கேக்கலியா?"

"குழாயில பிடிச்சதான்னு கேட்டாரு. ஆமான்னேன். பொய் சொல்லலியே. புட்டியில மருந்து வாடை, அதையும் புளி போட்டு வெளக்கித்தான் குடுத்தேன்."

பானை மூடியைத் திறந்து பார்த்தேன். அவள் விடவில்லை. "வீடு தேடி வந்தவுகளுக்குக் கலங்கத் தண்ணியவா மாமா குடுப்பாக?"

மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரி சாப்பிட்டேன், கருவாட்டுக் குழம்பு. அவளைத் திட்ட வாயெடுத்தபோதெல்லாம் வீட்டுக்காரி ஞாபகம். ஊற்றங்கரையில் வழிப்போக்கன் கையேந்தினால், அரைநாள் மொண்ட குடத்தைச் சாய்ப்பாள். தான் கலங்கலைக் குடிப்பாள். அவள் இருந்திருந்தால் புட்டிக்காரனுக்கு வெட்டிவேரும் போட்டுக் கொடுத்திருப்பாள்.

இதை ஆபீஸில் போய்ச் சொல்வதா? என்னால் ஆகாது. மேஜைக்கு மேஜை சிரிப்பான்கள். வேறு வழி பார்க்க வேண்டும்.

ஐப்பசி 7, வெள்ளி

மழை. கரி ஈரம், அடுப்பு பற்றவில்லை. வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை.

பாயிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். "எங்க வீட்டுக்கு வந்திருந்தா நான் சர்பத்துல ஊத்திக் குடுத்திருப்பேன் அண்ணே." பிறகு வெகுநேரம் ஈயக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மைமூனுக்குக் கால் வீங்கிருச்சு. எந்திரிக்க முடியல. நீங்க கொதிக்க வச்சது ரெண்டு செம்பு கிடைக்குமா?"

பேச்சி காதில் விழுந்திருக்கிறது. பானையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசி 8, சனி

மழை விட்டு வெறிப்பு. இனி ஆகவேண்டியவை.

நான்: திங்கள் தல்லாகுளம். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியது. பேச்சி பெயர் வேண்டாம், என் வீட்டில் என்று மட்டும். சிரித்தால் சிரித்து முடியும்வரை நிற்க வேண்டியது. மறுபடி சோதிக்க நாள் வாங்காமல் படி இறங்கக் கூடாது.

தண்ணீர் ஆபீஸ்: தண்ணீர் வருகிற நேரத்தில் ஆள் அனுப்பட்டும். குழாயிலிருந்து நேரே பிடிக்கட்டும். கெட்டது என்று வந்தால் யுத்தத்தைச் சாக்குச் சொல்லக் கூடாது.

மகன்: விறகு. இரண்டு வீட்டுக்கும் கொதிக்க வைக்கிற அளவு.

பாய்: மைமூனைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டியது. நாளைக்கே. வண்டிக்கு நான் சொல்லிவிட்டேன்.

சந்துப் பெண்கள்: புட்டிக்காரன் வருகிற அன்று குழாயைத் தேய்க்கக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது.

பேச்சி: வந்தவனுக்கு மோர் கொடுக்கலாம். புட்டியைத் தொடக் கூடாது.