செல்வி வர வேண்டிய நேரம்

அத்தை,

டாலாவில் நீங்கள் இருந்த வீட்டுக்கு நேற்றுப் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. சொன்னவர் பக்கத்து வீட்டுக் காசியம்மா. இன்று காலை நானும் நகரத்திலிருந்து படகேறி ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உள்ளே யாரோ கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

போன ஆண்டு, திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, உங்கள் புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. உங்கள் மகன் முருகன் என்னைத் தனியே இழுத்துப்போய், "அம்மாகிட்ட மூச்சு விட்டுறாதே மச்சான்" என்றான். பாங்காக்கில் வேலை செய்யும் உங்கள் மகள் செல்விக்கு அந்த ஆண்டில் ஒரே ஒரு முறைதான் விடுப்பு. கடைசி நேரத்தில் கூப்பிட்டால் முகம் பார்க்க வந்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். நோய்க்காரரிடம் மறைத்துவைத்து, கடைசியில் எல்லோரையும் கூப்பிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கமும்.

ஆனால் டாக்டர் அம்மாளின் அறையில், அவரை மரியாதையாக 'சயாமா' என்று அழைத்து, நீங்கள் பர்மிய மொழியில் நேராகவே ஆரம்பித்தீர்கள்.

"சயாமா, என் மகன் உங்களுக்குச் சாடை காட்டுறான். அவனைப் பாக்காதீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. எப்போ சாவேன்னு கேக்கல. எது வரைக்கும் உக்காந்து பேசுவேன், சமைப்பேன்?"

பத்திரிகை நிருபராகக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். இவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்டு அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாள் நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஆண்டுகள் இல்லை, மாதங்கள்தான் என்றார். திஞ்ஜான் முடியும்வரை பேசிச் சிரிக்க முடியும் என்று எதிர்பார்க்கலாம்; மழை தொடங்கியபின் தூக்கம் கூடும், சோறு குறையும் என்றார்.

திரும்பும்போது படகில் முருகன் அழுதான்.

"அழுவாதடா. பொண்டாட்டி அடிச்சுட்டான்னு நினைக்கப் போறாங்க" என்றீர்கள். பிறகு, "செல்விய இப்பவே வரச் சொல்லு."

"அப்புறம் கடைசிக்கு வர முடியாதும்மா."

"அவ மட்டும் என் மூஞ்சியப் பாத்தா போதுமா? நான் அவ மூஞ்சியப் பாக்க வேணாமா?"

அன்று மாலையே செல்விக்குத் தகவல் போனது.

திஞ்ஜானுக்கு அவள் வந்தாள். விடுப்பு முழுக்க இருவரும் குழம்பில் உப்புப் போதுமா என்று சண்டை போட்டீர்கள். நடுநடுவே வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தீர்கள். வலி மருந்தை எப்படிக் கொடுப்பது என்று முருகனும் நானும் டாக்டரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறினாலும் உங்களைப் படகில் ஏற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்றீர்கள். அவள் கிளம்பும் முன்பு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், "எம் பொண்ணு சாவுக்கு வர மாட்டா. நான்தான் வேணாம்னேன். யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லி வைத்தீர்கள்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, சொன்னபடி வீட்டிலேயே, அதிக வலியில்லாமல் போனீர்கள். துக்கம் கேட்க வந்த ஒரு உறவுக்காரர், "பெத்த பொண்ணு எங்கே?" என்று ஆரம்பித்தார். காசியம்மா விடவில்லை. "அவ அம்மா உசுரோட இருக்கும்போதே வந்தா. நீங்கதான் லேட்டு" என்றார். கூடத்தில் சிலர் சிரித்தேவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள்.

எனக்குத் தெரிந்தவர்கள் நோய்க்காரரோடு டாக்டரிடம் போகும்போது, என்ன கேட்பது என்று இப்போது என்னிடம் விசாரிக்கிறார்கள். உங்கள் கேள்வியைத்தான் சொல்லி அனுப்புகிறேன். நோய்க்காரரையே கேட்க விடுங்கள் என்றும் சொல்கிறேன். இதை எனக்குத் தந்ததற்கு நன்றி அத்தை.

வருஷத் திதி அடுத்த மாதம். செல்வி விடுப்புக் கேட்டிருக்கிறாள். பதில் வெள்ளிக்கிழமைக்குள் தெரியும் என்று அவளே போனில் சொன்னாள். கிடைக்காவிட்டால் என்று நான் இழுத்தேன்.

"பரவால்ல அத்தான். அம்மாவும் நானும் மூஞ்சியப் பாத்துக்கிட்டோமே" என்றாள்.