கீழ் வீட்டுக் காற்று

ஜனவரி 19, 2025
பாகப் பிரிவினை முடிந்தது. சண்டை வரும் என்று நினைத்துத்தான் வானூரிலிருந்து கிளம்பினேன். அண்ணனே, "கீழ் வீட்ட நீ எடுத்துக்கம்மா. நாங்கதான் மாடிக்குப் போயிட்டோமே" என்றான். அப்பா கட்டிய வீட்டில் நல்ல பாதி எனக்கு. தமிழ்வேந்தனைப் போல ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 2
மரக்காணத்துக்குக் குடிவந்தாயிற்று. பின்பக்க அறைதான் பெரிது. போன தீபாவளி வரை அண்ணன் குடும்பம் அதில்தான் படுத்தது. உப்பளக் காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடிக்கிறதென்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, ஏசி மாட்டியிருந்தார்கள். ஏசியையும் எனக்கே விட்டுவிட்டான். என் மகள் வெண்ணிலா படுத்ததும் தூங்கிப்போனாள்.

பிப்ரவரி 16
அண்ணன் மகள் சங்கீதா மத்தியானம் விளையாடிய களைப்பில் வெண்ணிலா பக்கத்திலேயே தூங்கிவிட்டாள். அண்ணன் வந்தான். தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.
"இருக்கட்டுமேண்ணா."
"வேணாம்மா, அவளுக்கு மாடிதான் பழக்கம்."
பிறந்ததிலிருந்து இந்த அறையில் வளர்ந்தவள். என்ன பழக்கம்?

பிப்ரவரி 17
ஜெயா அண்ணிக்கு நாங்கள் வந்தது பிடிக்கவில்லையோ?

மார்ச் 8
ரேணுகா என்று ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். "அந்த ரூம்ல ஜன்னலத் திறந்துட்டீங்களாங்க?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். மண்ணுக்கடியிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு வருமாம். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தரை வெடிப்பு வழியாக ஏறி, அடைத்த அறையில் தேங்கிவிடும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். போன வருஷம் ஊரில் சில வீடுகளில் சின்னக் குப்பி தொங்கவிட்டு அளந்திருக்கிறார்கள். எங்கள் பின்பக்க அறையில்தான் மிக அதிகம்.
"தீபாவளி சமயத்துலயே சாருக்கு போன் பண்ணி சொன்னோமே."
தீபாவளிக்கே தெரியும். பாகம் பிரித்தது தை மாதம்.

அன்றே, சாயங்காலம்
மாடிக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். முதலில் தெரியாதென்றான். அப்புறம், "உடனே ஒன்னும் ஆயிடாதும்மா. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."
"அப்ப சங்கீதாவ ஏன் தூக்கினு போன?"
அண்ணி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. எம்புள்ள மட்டும் என்ன வேத்தாளா? கூடப் பொறந்தவன் — இவனப் போயி எத்தினி பேர்கிட்ட பெருமையா சொன்னேன்.

மார்ச் 9
வெண்ணிலாவைக் கூடத்தில் படுக்க வைத்தேன். ஏன் என்று கேட்கிறாள்.

மார்ச் 23
வீட்டுக்காரர் செங்கல்லை இடித்து ஜன்னலைத் திறந்தார். தரை வெடிப்புகளில் சிமெண்ட் பூசி, காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் மாட்டினோம். ரேணுகா புதுக் குப்பி தொங்கவிட்டுப் போனாள். இடிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்காமலா இருக்கும்? யாரும் இறங்கி வரவில்லை.

ஏப்ரல் 14
புத்தாண்டு. அண்ணி பாயசம் கொடுத்தனுப்பினாள். குடிக்கவில்லை. கொட்டவும் மனசு வரலை.

ஜூன் 29
ரேணுகா போன் செய்தாள். அளவு நன்றாகக் குறைந்துவிட்டதாம், இனிப் படுக்கலாம். வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. மாடிக்கும் சொல்லிவிட்டார்.

ஜூலை 6
மாடியில் அனல். சங்கீதா தலையணையோடு இறங்கி வந்து, "அத்த, நான் இங்கயே படுத்துக்கவா?" என்றாள். பாய் விரித்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் நிலைப்படி வரை வந்து நின்றான். சண்டைக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான்.
"அந்த ஃபேன் நிக்காம ஓடுதாம்மா?"
இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் கேட்கிறான்.
"ஓடுது" என்றேன்.
உள்ளே வா என்று கூப்பிடவில்லை. சங்கீதாவை ஜன்னல் பக்கமாகப் படுக்கச் சொன்னேன்.